தரங்கம்பாடிக் கடிதமும் வியாழக்கிழமை ஜெபமும்

"தம்பிக்கு எந்த ஊரு?"

மும்பைக்கு வந்து குடியேறிய தமிழரில் இந்தக் கேள்வியைச் சந்திக்காதவர் இருக்க முடியாது. 1979இல் நான் இந்நகருக்கு வேலைக்கு வந்தபோது, இந்தக் கேள்விக்காக நான்கு வாரம் காத்திருந்தேன். ஞாயிறுதோறும் ஒரு தமிழ் ஆலயத்துக்குப் போவேன். பின்வரிசையில் உட்காருவேன். ஆராதனை முடிந்ததும் அவரவர் தத்தம் ஊர்க்காரர்களோடு பேசிக்கொண்டு நிற்பார்கள். நான் ரயிலேறி அறைக்குத் திரும்பிவிடுவேன். யாரும் என்னை விரட்டவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

ஐந்தாவது ஞாயிறன்று நாசரேத் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் வாசலில் வழிமறித்து அந்தக் கேள்வியைக் கேட்டார். ஊரைச் சொன்னேன். "அப்ப வியாழக்கிழமை சாயங்காலம் நம்ம வீட்டுல காட்டேஜ் ஜெபம். வந்துருங்க. வழி தெரியலன்னு நின்னுறாதீங்க, ஸ்டேஷனுக்கு நானே வாரேன்" என்றார். சொன்னபடி வந்து நின்றார். சால் குடியிருப்பில் ஒற்றை அறை. பதினைந்து பேர் கால் மடக்கி உட்கார்ந்திருந்தோம். ஒரு பாட்டு, ஒரு வேதபாடம், ஒவ்வொருவர் வீட்டுச் சங்கதிக்கும் ஒரு ஜெபம், கடைசியில் சுக்குக் காப்பி. அடுத்த மாதம் எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கஞ்சி கொண்டுவந்தவர்கள் அந்தப் பதினைந்து பேரில் மூவர்.

பிற சமயத்து அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. சபையார் சிலர் முறைவைத்து ஒவ்வொருவர் வீட்டிலும் கூடி ஜெபிப்பதையே காட்டேஜ் ஜெபம், பகுதி ஜெபம், வீட்டுக் கூட்டம் என்று பலவாறாகச் சொல்கிறோம். மார்கழியில் தெருவில் கூடும் பஜனைக் குழுவை அறிந்தவர்களுக்கு இதன் சுவை எளிதில் விளங்கும். இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடப்போன இடத்தில் எனக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் சுற்றிவரும் அந்தக் கதையின் நடுவே நம் தரங்கம்பாடி நிற்கிறது! அதைச் சொல்லவே இக்கட்டுரை.

வீட்டுக்குள் வந்த சபை

ஆதித் திருச்சபை வீடுகளில்தான் கூடியது. பிற்காலத்தில் பெருங்கோயில்கள் எழுந்தன. மக்கள் கேட்பவர்களாகவும் குருமார் பேசுபவர்களாகவும் பிரிந்தனர். இதை மாற்ற முயன்றவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ஜெர்மானியப் போதகர் பிலிப் யாக்கோப் ஸ்பேனர். 1670இல் பிராங்க்ஃபர்ட் நகரில் தம் வீட்டிலேயே ஒரு சிறு கூட்டத்தைத் தொடங்கினார். வேதத்தைப் படிக்கவும் கலந்து பேசவும் பாமரருக்கும் அங்கே இடமுண்டு. 1675இல் அவர் எழுதிய நூல் இம்முறையை நாடெங்கும் பரப்பியது. எதிர்ப்பும் இருந்தது. அவர் குழுவைச் சேர்ந்த சிலர் தங்களையே பரிசுத்தர் என்று எண்ணிச் சபையைவிட்டுப் பிரிந்தும் போயினர். சிறு குழுவின் பலமும் ஆபத்தும் முதல் நாளிலேயே வெளிப்பட்டுவிட்டன எனலாம்.

ஸ்பேனரின் வழிவந்தவர் ஹாலே நகரத்து பிராங்கே. அந்த ஹாலேயில் பயின்ற பர்த்தலோமேயு சீகன்பால்கு, தம் தோழர் புளூட்சோவுடன் 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவரும் ஒரு புதுவரவுதான்! மொழி தெரியாது. கோட்டையிலிருந்த டேனிஷ் அதிகாரிகளே அவரை விரும்பவில்லை. பின்னாளில் சில மாதம் சிறையிலும் வைத்தார்கள். அவருக்கு முதலில் இடங்கொடுத்தவர்கள் திண்ணைப் பள்ளிச் சிறுவர்கள். அவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். தாம் கண்டதையும் கேட்டதையும் கடிதங்களாக ஐரோப்பாவுக்கு எழுதினார். அவை அச்சாகி, 1709இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தன.

எப்வர்த் சமையலறை

இனி இங்கிலாந்துக்குப் போவோம். லிங்கன்ஷயரில் எப்வர்த் என்றொரு சிற்றூர். அவ்வூர்ப் போதகர் சாமுவேல் வெஸ்லி, மனைவி சூசன்னா. பத்தொன்பது பிள்ளை பெற்று ஒன்பதைக் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்தவர். 1711-12 குளிர்காலத்தில் கணவர் சபை மாமன்றத்துக்காக லண்டன் போயிருந்தார். அப்போது மூத்த மகள் எமிலியா, தந்தையின் படிப்பறையில் தரங்கம்பாடி மிஷனரிகளைப் பற்றிய புத்தகத்தைக் கண்டெடுத்தாள். அதைப் படித்த சூசன்னாவின் மனம் பல நாள் வேறெதிலும் செல்லவில்லை. நான் ஆணுமல்ல, போதகருமல்ல. ஆனாலும் என் வீட்டளவில் இதைவிட அதிகம் செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1712 பிப்ரவரியில் கணவருக்கு எழுதிய கடிதத்தில் இதை அவரே சொல்லியிருக்கிறார்.

செய்தது இரண்டு காரியம். ஒன்று, ஒவ்வொரு பிள்ளையோடும் வாரத்தில் ஒரு மாலை தனித்து உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினார். மற்றொன்று, ஞாயிறு மாலை வீட்டில் நடத்திவந்த குடும்ப ஜெபத்தின் கதவைத் திறந்துவைத்தார். வேலைக்காரப் பையன் தன் பெற்றோரிடம் சொன்னான்; அவர்கள் வரலாமா என்று கேட்டார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். இடம் கொள்ளாமல் இருநூறு பேருக்குமேல் கூடியது. பொறுப்பிலிருந்த உதவிக் குருவுக்கு இது பிடிக்கவில்லை. சாமுவேலுக்குப் புகார் எழுதினார். அவரும் நிறுத்தச் சொல்லி யோசனை கூறினார். "யோசனையாகச் சொல்ல வேண்டாம், நிறுத்து என்று கட்டளையாகவே சொல்லுங்கள், அப்போது கடவுள் முன் பொறுப்பு உங்களுடையது" என்ற பொருள்பட சூசன்னா பதில் எழுதினார். சாமுவேல் கட்டளையிடவில்லை.

அந்த வீட்டில் தாயோடு பேசும் முறை வியாழக்கிழமை மாலையில் வாய்த்த பிள்ளையின் பெயர் ஜான். அப்போது எட்டு வயது. இருபது ஆண்டுக்குப் பின், பெரிய படிப்பெல்லாம் படித்த பிறகும், அந்த வியாழக்கிழமை நேரத்தைத் தமக்கு மீண்டும் தரும்படி தாய்க்கு எழுதியவர். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி அவரே.

பிரிஸ்டலில் ஒரு கடன்

மற்றொரு தொடர்பும் உண்டு. ஹாலேயில் மாணவராக இருந்த சின்சென்டார்ஃப் என்ற பிரபு, பிராங்கேயின் வீட்டு மேசையில் தரங்கம்பாடி மிஷனரிகளைச் சந்தித்தவர், ஸ்பேனரின் ஞானப்பிள்ளையும்கூட. சமயத் துன்பத்துக்கு அஞ்சி மொராவியாவிலிருந்து ஓடிவந்தவர்களுக்கு 1722இல் அவர் நிலத்தில் இடம் கிடைத்தது. அங்கே எழுந்ததே ஹெர்ன்ஹூட் என்ற ஊர். பல இடத்திலிருந்து வந்தவர்கள் ஒருவரோடொருவர் சண்டையிட்டார்கள். 1727 முதல் சிலர் சிலராகச் சிறு குழுக்களில் கூடிப் பேசியபோது ஒருமனம் பிறந்தது. வெஸ்லி 1738இல் அங்கே போய் நேரில் பார்த்தார். ஆகவே தாயின் சமையலறை மட்டுமே காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு ஓடையிலும் தரங்கம்பாடி நீர் கலந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை.

1742 பிப்ரவரி 15ஆம் நாள் பிரிஸ்டல் நகரில் வெஸ்லியின் சங்கத்தார் கூடினர். பிரச்சினை பக்தி அல்ல, பணம். கட்டிய கூடத்துக்குக் கடன் இருந்தது. "ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுத்தால் தீர்ந்துவிடும்" என்றார் கேப்டன் ஃபோய் என்பவர். ஏழைகளால் முடியாதே என்றார் ஒருவர். "மிக ஏழைகளான பதினோரு பேரை என் கணக்கில் எழுதுங்கள். வாரந்தோறும் நான் போய்ப் பார்க்கிறேன். கொடுக்க முடியாதவருக்கு நானே போடுகிறேன்" என்று பதில் வந்தது. மற்றவர்களும் அப்படியே ஏற்றார்கள். தலைவரோடு பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்பு உருவானது.

வசூலுக்குப் போனவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். ஒரு வீட்டில் குடி, ஒரு வீட்டில் சண்டை, ஒரு வீட்டில் நோய். காசு கேட்கப் போனவர் நலம் விசாரிப்பவர் ஆனார். பிறகு வீடு வீடாகப் போவதற்குப் பதில் வாரம் ஒருமுறை எல்லாரும் ஓரிடத்தில் கூடினர். பெண்களும் தலைவர்களாயினர். புதிதாக வருபவர் ஒரு வகுப்பில் சேர்க்கப்படாமல் சங்கத்தில் உறுப்பினர் ஆவதில்லை. அதாவது, அவரைத் தேட ஒரு ஆள் இல்லாமல் யாரும் உள்ளே வரவில்லை. அதே 1742 ஜூலையில் சூசன்னா காலமானார்.

நம் திருநெல்வேலியிலும் இதன் சாயலைக் காணலாம். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர், 1830இல் தர்ம சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினார். சமயம் மாறியதால் வீடும் நிலமும் இழந்தவர்களுக்கு இடம் வாங்கிக் குடியமர்த்துவது அதன் வேலை. வந்தவனுக்கு முதலில் தேவை பிரசங்கமா, குடியிருக்க ஓர் இடமா என்பதை அவர்கள் சரியாகவே அறிந்திருந்தார்கள்.

நம் மும்பைக்கும் பங்கு உண்டு. 1871 இறுதியில் இங்கு வந்த வில்லியம் டெய்லர் என்ற அமெரிக்க மெதடிஸ்ட் போதகரிடம் கோயில் கட்டடம் ஏதும் இல்லை. வீடுகளிலேயே ஐக்கியக் குழுக்களை அமைத்தார். அவற்றிலிருந்தே 1872இல் சபை உருவானது. பின்னர் கல்கத்தா, சென்னை, பெங்களூர் என்று அம்முறை பரவியது. அந்தக் குழுக்கள் ஆங்கிலம் பேசுவோருடையவை. நம் தமிழ்க் காட்டேஜ் ஜெபம் அதன் நேர் வாரிசு என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்நியர் நிறைந்த இந்நகரில் சபை என்பது வீட்டு வாசலிலிருந்து தொடங்க முடியும் என்பது ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் முன்பே இங்கே நிரூபணமாகிவிட்டது.

பந்தியில் விழுந்த கோடு

இவ்வளவும் பெருமையாகச் சொல்லிவிட்டு ஓர் உண்மையை மறைத்தால் வரலாறாகாது. அதே தரங்கம்பாடியிலும் தஞ்சையிலும், ஆலயத்துக்குள் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள் நம் முன்னோர். ஒரே வேதம், ஒரே கூரை. நடுவில் ஒரு இடைவெளி. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் இதை ஒழிக்க உத்தரவிட்டபோது வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையைவிட்டு வெளியேறினர். 1847இல் அமெரிக்க மதுரை மிஷன், சேர்ந்து உண்பதையே சோதனையாக வைத்தது. மறுத்த ஊழியர் பலர் வேலையை இழந்தார்கள். எங்கோ ஓர் ஆங்கிலத் தாயின் கதவைத் திறந்த ஊர், தன் பந்தியில் மட்டும் கோடு போட்டு வைத்திருந்தது என்பதை எண்ணினால் வெட்கமாக இருக்கிறது.

இது பழங்கதை என்று தள்ளவும் முடியவில்லை. சிறு குழு அன்பாக இருப்பது எளிது, திறந்திருப்பதுதான் கடினம். எங்கள் வியாழக்கிழமைக் குழுவே இதற்குச் சாட்சி. சில ஆண்டு கழித்து நாங்கள் நெருங்கிய உறவுபோல ஆகிவிட்டோம். ஒரே தாலுகா, ஒரே பேச்சு. கலியாணச் சம்பந்தம்கூட நடந்தது. ஒருநாள் வடாற்காட்டிலிருந்து புதிதாக வந்த தோல்தொழிலாளர் குடும்பமொன்று இரண்டு வாரம் வந்தது. மூன்றாம் வாரம் வரவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அண்ணாச்சிதான் கேட்டார்: "அவுகளுக்கு நாம எந்த ஊருன்னு கேட்டோம். அதுக்கப்புறம் என்ன கேட்டோம்?" ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் அவரும் நானும் அந்த வீட்டைத் தேடிப் போனோம். அந்த அம்மாள் மடித்துவைத்த பாயை எடுத்து விரித்தார். டீ போட்டுக் கொடுத்தார். அடுத்த மாதக் கூட்டம் அவர்கள் வீட்டில் நடந்தது. அந்தச் சாப்பாட்டுக்கு எங்களில் இருவர் வரவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அன்பர்களே, அண்ணாச்சி இன்று இல்லை. சால் இருந்த இடத்தில் இப்போது இருபது மாடி நிற்கிறது. ஆனால் தமிழகத்திலிருந்து பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள். சபையானாலும் பஜனைக் குழுவானாலும் நம் சங்கமானாலும் அவர்களுக்கு நாம் அனுப்புவது அழைப்பிதழ். சூசன்னா திறந்தது கதவு. பிரிஸ்டல்காரர் எடுத்துக்கொண்டது பதினோரு பெயர். ஆளுக்குப் பதினொன்று வேண்டாம். உறுப்பினர் ஒவ்வொருவரும் புதிதாக வந்த ஒரே ஒரு குடும்பத்தைத் தம் கணக்கில் எழுதிக்கொண்டு வாரம் ஒருமுறை விசாரித்தால் போதும். "எந்த ஊரு?" என்று தாராளமாகக் கேட்கலாம். பதில் எந்த ஊராக இருந்தாலும், "ஸ்டேஷனுக்கு நானே வாரேன்" என்ற அடுத்த வார்த்தையும் வர வேண்டும். அவ்வளவுதான்.