தேனீப் பெட்டியின் சுமை

தேனீ வளர்ப்பின் வரலாறு என்றாலே தேனீயின் ஒழுங்கும் தேனின் அளவுமே பெரிதாகப் பேசப்படுகின்றன. பெட்டியைத் தூக்கும் மனிதனின் முதுகு அவ்வரலாற்றில் ஓரத்திலேயே நிற்கிறது. ஆயினும், அந்த முதுகை விலக்கிவிட்டுத் தேனீப் பெட்டி உருமாறிய கதையைச் சொல்ல இயலாது.

1810ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் பிறந்த லொரென்சோ லாங்ஸ்ட்ராத் ஒரு சமயகுரு. பெண்கள் பள்ளி நடத்திய ஆசிரியரும் ஆவார். கால் அங்குலத்திற்குச் சற்று மிகுந்த இடைவெளி இருப்பின், தேனீக்கள் அதில் அடை கட்டுவதில்லை, பிசின் பூசி அடைப்பதுமில்லை, நடைவழியாகவே விட்டுவைக்கும். இவ்வுண்மையை 1851இல் அவர் பெட்டியமைப்பில் பொருத்தினார். பெட்டியின் சுவருக்கும் சட்டத்திற்கும் இடையே அவ்வளவு இடம் விட்டதனால், ஒவ்வோர் அடையையும் வெட்டாமல் வெளியே எடுக்க முடிந்தது. 1852 அக்டோபர் 5ஆம் நாள் காப்புரிமையும் பெற்றார். பலர் அதனை மதியாமல் பெட்டி செய்து விற்றனர். கண்டுபிடித்தவருக்குக் கிடைத்த பொருளோ சொற்பம். உலகில் பலருக்கு நேர்வதுதான் அவருக்கும் நேர்ந்தது.

அடையைத் தூக்குவது எளிதாயிற்று. பெட்டியைத் தூக்குவது எளிதாகவில்லை. பத்துச் சட்டங்கள் கொண்டு, 9⅝ அங்குல உயரத்தில் நிலைபெற்ற ஆழப்பெட்டி, தேன் நிறைந்தால் 80 முதல் 90 இராத்தல் வரை கனக்கும். தேன் தன் அளவுள்ள நீரைவிட ஏறக்குறைய நாற்பது விழுக்காடு கூடுதல் எடையுடையது. போதாக்குறைக்குத் தேனீக்கள் பெட்டிகளைப் பிசினால் ஒட்டிவிடுகின்றன. நெம்பிப் பிரித்து, குனிந்து, உடலைத் திருப்பி, அதிராமல் இறக்கிவைக்க வேண்டும். மூட்டையைப்போலத் தோளில் ஏற்றவும் முடியாது. கோபமுற்ற தேனீக்களை மார்போடு அணைக்கவும் முடியாது.

இலகுவான பெட்டி அக்காலத்தில் இல்லாமற் போகவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எட்டுச் சட்டப் பெட்டி அமெரிக்காவில் பெருவழக்காயிற்று. அதற்குக் காரணம் இரக்கமன்று, சந்தை! புட்டித் தேனில் சர்க்கரைப்பாகு கலக்கப்படுகிறது என்று மக்கள் ஐயுற்றதனால், அடையோடு கூடிய தேனையே விரும்பி வாங்கினர். கீழே புழு வளரும் இடம் குறுகலாயிருந்தால்தான் தேனீக்கள் மேலேறி அழகிய தேனடை கட்டும். எனவே சிறு பெட்டி இலாபம் தந்தது. 1906இல் தூய உணவுச் சட்டம் வந்தபின் பிழிந்த தேனின்மீது நம்பிக்கை திரும்பியது. சுழற்றித் தேனெடுக்கும் பொறியோ 1865லேயே ஹ்ருஷ்காவால் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. பெருங்கூட்டமும் பெரும் பெட்டியும் வேண்டப்பட்டன. பத்துச் சட்டப் பெட்டி மீண்டும் அரியணை ஏறியது. தூக்குபவரின் வசதி இரண்டு முடிவுகளிலும் முதன்மை பெறவில்லை. எனினும் ஆஸ்திரேலியாவில், பூக்காலத்தைத் தேடிப் பெட்டிகளை ஊர் ஊராக ஏற்றியிறக்குவோர் பலர் எட்டுச் சட்டத்தைக் கைவிடவில்லை.

சிறு பெட்டி என்றதும் தமிழர்க்கு நியூட்டன் பெட்டி நினைவிற்கு வரலாம். இயேசு சபைத் துறவியான நியூட்டன், தென்னிந்தியாவில் 1911 முதல் 1917 வரை பலருக்குத் தேனீ வளர்ப்பில் பயிற்சியளித்தார். அவருடைய பெட்டி ஏழு சட்டங்களே கொண்டது. ஆனால் அது சிறுத்தது தேனீயின் பொருட்டு. அடுக்குத் தேனீ ஐரோப்பியத் தேனீயினும் சிறியது, அதன் கூட்டமும் சிறியது. பிரான்சு நாட்டுப் பாதிரியார் எமில் வாரே அமைத்த மக்கள் பெட்டியின் அடுக்கு ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர் சதுரமும் 21 சென்டிமீட்டர் உயரமுமே உடையது. அவர் நாடியது சிக்கனமும் எளிமையும். அவர் முறைப்படி புது அடுக்கை அடியில் வைக்க வேண்டுமாதலால், மேலுள்ள அத்தனையையும் ஒருசேரத் தூக்க நேர்கிறது! அளவு குறைந்ததாலேயே உழைப்பு குறைந்துவிடுவதில்லை.

தூக்குபவரை எண்ணிச் செய்யப்படும் மாற்றம் வேறு வகையினது. 6⅝ அங்குல உயரமுள்ள நடுத்தரப் பெட்டி தேனறையாக முன்பே வழக்கிலிருந்தது. அதனையே புழு அறைக்கும் பயன்படுத்தத் தொடங்கினர், மூத்தோரும் முதுகு நொந்தோரும். பத்துச் சட்ட நடுத்தரப் பெட்டி 50 முதல் 60 இராத்தல். எட்டுச் சட்டமாயின் 40 இராத்தல் அளவே. தொழிலாளர் உடல்நலம் ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனம் 1991இல் திருத்திய கணக்கின்படி, எல்லாம் சாதகமாக அமைந்தாலும் ஒருவர் தூக்கத்தக்க எடை 51 இராத்தல்தான். குனிந்தும் திரும்பியும் தூக்கினால் அவ்வெல்லை இன்னும் தாழும்.

இதற்கு விலையும் உண்டு. இரண்டு ஆழப்பெட்டிகளின் இடத்திற்கு மூன்று நடுத்தரப் பெட்டிகள் வேண்டும். பலகையும் சட்டமும் ஆணியும் கூடும். சோதிக்க வேண்டிய அடைகளும் பெருகும். பழைய ஆழச் சட்டம் புதுப் பெட்டியில் அடங்காது. பெட்டியையேனும் 3 அங்குலம் அறுத்துக் குறைக்கலாம். புழுக்கள் நிறைந்த அடையை அறுக்க யாருக்கு மனம் வரும்? ஆகையால் பொறுமையுள்ளோர் ஆழப்பெட்டியை அடியிலேயே விட்டு, மேலே நடுத்தரப் பெட்டிகளை அடுக்குகின்றனர். குளிர்காலத்தில் கூட்டம் சேமித்த தேனை உண்டுகொண்டே மேல்நோக்கி நகரும். இளவேனிலின் தொடக்கத்தில் அடிப்பெட்டி பெரும்பாலும் வெறுமையாய்க் கிடக்கும். இராணி அங்கு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அப்போது அதனை எடுத்துவிடுகின்றனர். வெறும் பெட்டியாதலால் எடையும் இராது.