திருப்பாச்சூரும் பழவேற்காடும்

ஒரு நாட்டின் சரித்திரத்தை ஆராயப் புகுவார்க்குக் கோட்டையும் போர்க்களமுமே முதற்கண் புலனாதல் இயல்பு. உழுதும் நெய்தும் மீன்பிடித்தும் அந்நாட்டைத் தாங்கி நின்றோர் எளிதிற் புலனாகார். இதனைத் திருவள்ளூர்ப் பகுதியிலுள்ள இரண்டு ஊர்களைக் கொண்டு நம் சங்கத்து அன்பர்க்கு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடற்கரையிலுள்ள பழவேற்காடு ஒன்று. ஒல்லாந்தர் 1610-ஆம் ஆண்டில், வேங்கடபதி தேவராயரிடம் உடன்படிக்கை பெற்று அவ்வூரிற் பண்டகசாலை நிறுவினர். மயிலாப்பூரிலிருந்த போர்த்துக்கேயர் இதனைப் பொறாது 1612-இல் அதனைத் தாக்கினர். மறு ஆண்டே அங்கே ஜெல்திரியாக் கோட்டை எழுந்தது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரை வாணிகத்தை அவர்கள் அங்கிருந்தே நடத்தினர்.

அவ்வாணிகத்தின் உயிர்நிலை யாது? துணியே. கீழ்க்கடல் தீவுகளிற் கிராம்பும் சாதிக்காயும் கொள்வதற்கு நம்மவர் நெய்த துணியே விலைப்பொருளாயிற்று. மலாய் நாட்டார் கட்டம் போட்ட கைலியைப் ‘பெலேக்காட்’ என வழங்குவது பழவேற்காட்டின் பெயரே என்க. ஊரின் பெயர் கடல் கடந்து நின்றது. நெய்தவன் பெயரோ எங்கும் நிற்கவில்லை.

மற்றோர் ஊர், உள்நாட்டிலுள்ள திருப்பாச்சூர். ‘பாசு’ என்பது மூங்கில். மூங்கிற்புதரினின்று இறைவன் வெளிப்பட்டனன் என்பது தலபுராணச் செய்தி. அப்பரும் சம்பந்தரும் பாடிய பெருமையுடைய இவ்வூர், பிற்காலத்தில் ஒரு கோட்டையூராகவும் விளங்கிற்று.

இவ்விரண்டு ஊர்களையும் பிணைப்பது 1781-ஆம் ஆண்டு. ஐரோப்பாவில் ஆங்கிலேயர்க்கும் ஒல்லாந்தர்க்கும் மூண்ட போர் காரணமாக, அவ்வாண்டிற் பழவேற்காடு ஆங்கிலேயர் கைப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே, ஐதர் அலியின் படையினர் காத்துநின்ற திருப்பாச்சூர்க் கோட்டையை ஸர் அயர் கூட் முற்றுகையிட்டுக் கைக்கொண்டார். கும்பினிப் படை உணவுக்குத் திண்டாடிய காலம் அது. சின்னாளிற் பொள்ளிலூரில் மீண்டும் பெரும்போர் நிகழ்ந்தது. பழவேற்காடு ஒல்லாந்தரிடம் திரும்பியும், மறுபடி கைமாறியும், முடிவில் 1824-ஆம் ஆண்டின் இலண்டன் உடன்படிக்கையின்படி 1825-இல் ஆங்கிலேயர்க்கே உரியதாயிற்று.

இத்துணையும் தளபதியர் பெயரோடும் மாதத்தோடும் நாம் அறிதற்குக் காரணம், வென்றவர் எழுதிவைத்தமையே. ஒல்லாந்தர் கணக்குகள் ஹேக் நகரத்திலும், கும்பினியார் ஏடுகள் இலண்டனிலும் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் உள்ளன. துணிக்கட்டு எத்தனை, விலை யாது என்பன அவற்றுட் காணலாம். பஞ்சகாலத்தில் அடிமைகளாக விற்கப்பட்டுப் பத்தேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட ஏழை மாந்தரும் அவற்றிற் சரக்கெனவே எண்ணப்பட்டனர். பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கல்லறைகள் பெயரும் ஆண்டும் பொறித்து இன்றும் காக்கப்பட்டு நிற்கின்றன. கப்பலேறிச் சென்ற நம்மவர்க்கோ கல்லுமில்லை, எழுத்துமில்லை.

ஆயின் நம்மிடம் ஏடு இல்லாமலில்லை. கர்னல் மெக்கன்சி என்பார் நம் நாட்டறிஞரைத் துணைக்கொண்டு ஊர்தோறும் தொகுத்த கைபீதுகளுட் பல சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளன. 1821-இல் அவர் மறைந்தார். அவருக்குப் பின்னும் வீடுகளில் எஞ்சியவை கிரயப் பத்திரம், அடைமானச் சீட்டு, ஓலைக் கணக்கு, கோயிற் கட்டளைச் சீட்டு முதலியன. கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் வயல்கள் தொழிற்சாலைகளாயின. நிலம் கைமாறுங்கால் பழம் பத்திரங்களும் கறையானுக்கும் அடுப்புக்கும் இரையாகின்றன.

ஒன்று கூறுவேன், அன்பர்கள் பொறுத்தருள்க. குலவரலாறு என்னும் பெயரால் நம்மனோர் சிலர் ஆதாரமின்றி அரச மரபு கற்பித்து மகிழ்கின்றனர். கற்பித்த முடியினும் கண்டெடுத்த கடன்சீட்டு மேலானது. முன்பணம் வாங்கிக் கடன்பட்ட தறிக்காரனும், வரி செலுத்த இயலாது ஊர்விட்டுப் போன குடியானவனும் நம் முன்னோரே. அவர்களை மறைத்தெழுதும் சரித்திரம் பிறர் எழுதிய சரித்திரத்தினும் கொடிது.

ஆதலின், பழஞ்சுவடி வைத்திருப்போர் அதனைப் படியெடுத்து, ஊர், ஆண்டு, கிடைத்த இடம் ஆகியவற்றைக் குறித்துச் சங்கத்துக்கு அனுப்புக. நமக்குப் பெருமை தருவது, சிறுமை தருவது என வேறுபடுத்தாது உள்ளவாறே அனுப்புக. கோட்டைகள் தம் கதையைச் சொல்லிவிட்டன. இனி வீடுகள் பேசட்டும்.