குச்சியில் கோர்த்த தேள்

பெய்ஜிங்கை ஒரே நாளில் பார்த்துவிட நினைக்கும் வெளிநாட்டுப் பயணிகளுக்குப் பல ஆண்டுகள் ஒரே தடம்தான் இருந்தது. காலையில் தியானன்மென் சதுக்கம், அதைத் தாண்டிப் பழைய அரண்மனை, பொழுது சாய்ந்ததும் அரண்மனையின் கிழக்கு வாசலுக்கு அருகே தோங்ஹுவாமன் இரவுச் சந்தை. அங்கே தேள், பட்டுப்புழுவின் கூட்டுப்புழு, கடற்குதிரை, நட்சத்திர மீன் எல்லாவற்றையும் குச்சியில் கோர்த்து வரிசையாக அடுக்கியிருப்பார்கள். சில தேள்கள் குச்சியில் இருந்தபடியே காலை அசைத்துக்கொண்டிருக்கும். ஆள் கேட்டதும் கொதிக்கிற எண்ணெயில் ஒரு முக்கு. அதைக் கடித்து, படம் எடுத்து, சீனர்கள் எதையும் விட்டுவைக்கமாட்டார்கள் என்று ஊரில் போய்ச் சொல்வது வழக்கமாயிற்று. ஆனால் இந்தச் சந்தை தொடங்கியதே 1984இல்தான். 2016 ஜூனில் மூடிவிட்டார்கள். பயணி கடித்துப் பார்த்தது சீனத் தெருவின் தொன்மையை அல்ல, பொருளாதாரச் சீர்திருத்தம் பெற்றெடுத்த ஒரு வேடிக்கைச் சரக்கை. பெய்ஜிங் தெருவின் பழைய ருசி வேறு இடத்தில் இருந்தது. அதைச் சாப்பிடத் தேளைவிடக் கூடுதலாகவே துணிச்சல் வேண்டும்.

தெருவில் சமைத்து விற்க வேண்டுமானால், ஆள் நடமாட்டத்தை அரசு அனுமதிக்கிற தெரு முதலில் இருக்க வேண்டும். தாங் வம்சத்தின் தலைநகரான சாங்ஆனில், அதாவது இன்றைய சியானில், இரவில் அது கிடையாது. நூற்றுக்கு மேற்பட்ட பேட்டைகள், ஒவ்வொன்றுக்கும் மதில், கதவு. கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என இரண்டு பெரிய சந்தைகள். நண்பகலில் 300 முரசடி கேட்டால் திறப்பார்கள். சூரியன் மறையுமுன் 300 சேகண்டியடியோடு மூடிவிடுவார்கள். ஊரடங்கை மீறித் தெருவில் திரிந்தவருக்குச் சட்டப்படி 20 பிரம்படி. தாங் ஆட்சியின் பிற்பகுதியிலேயே இந்தக் கட்டு தளர்ந்துவிட்டது. 965இல் சோங் வம்சத்தின் முதல் பேரரசர், தலைநகர் கைஃபெங்கில் மூன்றாம் சாமம் வரை, அதாவது ஏறக்குறைய நள்ளிரவு வரை, இரவு வியாபாரத்தைத் தடுக்கக் கூடாது என்று ஆணையிட்டார். சீன இரவுச் சந்தையின் கதையை இந்த ஆணையிலிருந்து தொடங்குவது தவறாகாது.

அந்தக் கைஃபெங் 1127இல் ஜின் படைகளிடம் வீழ்ந்தது. தெற்கே தப்பிச் சென்ற மெங் யுவான்லாவ் என்பவர், இழந்த ஊரை நினைவிலிருந்து எழுதி 1147இல் ஒரு நூலாக்கினார். எந்தப் பாலத்தருகே எந்தக் கடை, என்ன பண்டம், என்ன விலை என்று கணக்குப்பிள்ளையின் கவனத்தோடு எழுதியிருக்கிறார். ஜோவ் பாலத்துக்குத் தெற்கே நீண்ட சந்தையில் வாத்து, முயல், விலாங்கு, கோழித்தோல், இரைப்பை, நுரையீரல், சிறுநீரகம் எல்லாம் கிடைத்தன. பல பண்டங்கள் ஒன்று 15 காசைத் தாண்டவில்லை. கோடையில் சர்க்கரையும் பனிக்கட்டியும் சேர்த்த குளிர்ந்த உருண்டைகள் விற்றார்கள். நடுச்சாமத்துக்குப் பிறகும், வேலை முடிந்து தாமதமாக வீடு திரும்புகிறவர்களுக்காகத் தேநீர்க் கூஜாவோடு ஆட்கள் சுற்றி வந்தார்கள். எரிந்த எண்ணெய் விளக்குகளின் மிகுதியால் அந்த ஊரின் மாசிங் தெருவில் கொசுவே இல்லை என்று சோங் காலத்து இன்னொரு நூல் சொல்கிறது. கொஞ்சம் மிகைதான் என்றாலும் ரசிக்கத்தக்க மிகை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். மெங்கின் அதே பட்டியலில் நரிக்கறியும் வளைக்கரடிக் கறியும் இருக்கின்றன. அப்படியானால் விநோதத் தீனியும் பழமையானதுதானே? அந்தக் கறிகள் எந்த வரிசையில் வருகின்றன என்று பார்க்க வேண்டும். கோழிக்கும் உப்புக்கண்டத்துக்கும் நடுவே, எந்த வியப்புக் குறிப்பும் இல்லாமல் வந்துபோகின்றன. மெங் யாரையும் அசத்த அவற்றைச் சொல்லவில்லை. கைஃபெங்வாசிக்கு அவை வேட்டைக்கறி, அவ்வளவுதான். விநோதம் பண்டத்தில் இல்லை, பார்க்கிறவர் கண்ணில் இருக்கிறது.

பெய்ஜிங்குக்கு வருவோம். இந்த ஊர்க்காரர் தெருவில் தின்று வளர்ந்தவை பெரும்பாலும் பிறர் ஒதுக்கிய மிச்சங்கள். பச்சைப்பயறை அரைத்து மாவெடுத்துக் கண்ணாடிச் சேமியா செய்தபின் நிற்கும் நீரைப் புளிக்க விட்டால் தௌஜி. சாம்பலும் பச்சையும் கலந்த நிறம், மூக்கை மூட வைக்கும் புளித்த வாடை. சூடாக்கி, மொறுமொறுப்பான பொரித்த வளையத்தோடும் உப்பு ஊறுகாய்க் கீற்றோடும் உறிஞ்சுவார்கள். லூஜு என்பது பன்றிக் குடலும் நுரையீரலும் டோஃபுவும் நாள் முழுக்கக் கொதிக்கும் பெரிய சட்டி. கெட்டி ரொட்டியை அதே குழம்பில் ஊறவைத்து, துண்டு போட்டு, மேலே பூண்டுச் சாறும் கொத்தமல்லியும் தெளித்துத் தருவார்கள். ஹுய் முஸ்லிம்கள் பேர்பெற்ற பாவ்தூ கடைகளில் ஆட்டு இரைப்பையின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி வேக்காடு. சில நொடி கூடினாலும் ரப்பராகிவிடும். சமையல்காரர் கொதிநீரில் முக்கி எடுத்து எள் விழுதோடு வைப்பார். நல்ல கறி வாங்க வசதியில்லாத ஊர், கிடைத்ததைத் திறமையால் ருசியாக்கிய கதை இது.

தேளுக்கும் வேர் உண்டு என்பவர்கள் முழுக்கத் தவறு சொல்லவில்லை. காய்ந்த தேள் சீன மருத்துவத்தில் வலிப்புக்கு நெடுங்காலமாகப் பயன்படுகிறது. ஷாந்தோங் மாநிலத்தில் பொரித்த தேள் விருந்து மேசைக்கே வரும். யுன்னானில் பூச்சி உண்பது அன்றாடம். லியாவ்னிங்கில் கூட்டுப்புழு வீட்டுச் சமையல். ஆனால் இவை தத்தம் நிலத்தில் வேரூன்றியவை. பல மூலைகளிலிருந்து அவற்றைப் பிடுங்கி, அரண்மனை வாசலில் ஒரே வரிசையில் குச்சியில் நிறுத்தியபோதுதான் ‘சீன உணவு’ என்ற காட்சி உருவானது. எல்லா மரபும் ஒரு நாள் புதிதாகத்தானே இருந்தது, தோங்ஹுவாமனுக்கும் காலம் கொடுத்திருக்கலாமே என்ற கேள்வி இதைவிட வலுவானது. அதற்கு என் பதில், மறுபடி வருகிற வாடிக்கையாளர். தௌஜிக் கடைக்காரர் நேற்று வந்தவர் நாளையும் வருவார் என்று நம்பிப் பிழைத்தார்; சரக்கு கெட்டால் அவர் பெயரும் கெடும். தேள் விற்றவருக்கு அந்தக் கவலையில்லை. பயணி ஒருமுறைதான் வருவார். திட்டவோ மெச்சவோ திரும்பி வராத நாக்குக்காகச் சமைக்கும் இடத்தில் ருசி வளர வழியில்லை, அதிர்ச்சிதான் வளரும்.

இதில் வியாபாரிகளை மட்டும் குறைசொல்ல நான் தயாரில்லை. 1950களில் தனியார் கடைகளும் தள்ளுவண்டிகளும் கூட்டுறவுகளிலும் அரசுக் கடைகளிலும் கரைக்கப்பட்டன. கலாச்சாரப் புரட்சியின்போது தெருக் கூவல் ஏறக்குறைய ஓய்ந்தே போனது. தலைமுறைத் தொடர்ச்சி அறுந்த தெருவை 1980களில் மறுபடி திறந்தபோது, பணத்தோடு வந்து நின்றவர் சுற்றுலாப் பயணி. அவர் கேட்டதை விற்றார்கள். பிறகு இரைச்சல், குப்பை, சுகாதாரம் என்ற புகார்களின் பேரில் அதையும் மூடினார்கள். 2020 ஜூனில் பிரதமர் லீ கச்சியாங் ஷாந்தோங்கில் தெருக்கடைகளைப் புகழ்ந்து, வேலைவாய்ப்புக்கு அவை தேவை என்றார். சில நாட்களுக்குள் பெய்ஜிங் நகரத்தின் அதிகாரப்பூர்வ நாளேடு, தலைநகருக்கு அது பொருந்தாது என்று எழுதிவிட்டது. லூஜுவும் தௌஜியும் இன்று பெரும்பாலும் கூரையும் உரிமப் பலகையும் உள்ள கடைகளுக்குள் போய்விட்டன; அங்கே காலையில் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் பேட்டை முதியவர்கள்.