களரியும் மண்டபமும்: கிழக்குக் கரையோரத்தில் ஆற்றுகை வெளிகளின் வளர்ச்சி

பல அரங்குகளை ஒரே வளாகத்தில் கொண்டு, ஆண்டு முழுவதும் நாடகம், இசை, நடனம் ஆகியவற்றுக்கு இடமளிக்கும் ஆற்றுகைக் கலை மையம் இருபதாம் நூற்றாண்டுப் பெருநகரங்களின் ஆக்கமாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. கட்டடத்தை அளவுகோலாகக் கொண்டால் இக்கருத்து சரியானதே. ஒரு மக்கள் கூட்டம் தன் கலைகளுக்கு எந்தெந்த இடங்களை ஒதுக்கி, அவற்றை எவ்வாறு இணைத்து, யார் பொறுப்பில் பேணி வந்தது என்பதை அளவுகோலாகக் கொண்டாலோ, கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் எனத் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இலங்கையின் அம்பாறைக் கரையோரம் இவ்வரலாற்றில் முன்னிடம் பெற வேண்டியதாகிறது.

தம்பிலுவில் கண்ணகை அம்மன் கோயிலின் வைகாசிச் சடங்கு இதற்குத் தக்க சான்றாகும். கிழக்கிலங்கையில் 'கண்ணகை' என்றே வழங்கப்படும் இத்தெய்வத்தின் கோயில்களுள் பல ஆண்டுக்கு ஒருமுறையே கதவு திறக்கப்படுபவை. அந்நாள்களில் கோவலன் கதையை விரித்துரைக்கும் கண்ணகி வழக்குரை என்னும் நெடுங்காவியம் கோயிலுள் பாடப்பட, மதுரையை எரித்த தெய்வத்தின் சினத்தைத் தணிக்கும் திருக்குளிர்த்தியோடு சடங்கு நிறைவுறும். பாடலுக்கு மண்டபம் என்றால், ஆட்டத்துக்கு வீதி. சிறுவர்கள் கையில் கோலேந்தி, வட்டமாகச் சுழன்று, ஒருவர் கோலில் மற்றவர் கோலை அடித்து ஆடும் வசந்தன் கூத்து இவ்வட்டாரக் கோயில் வீதிகளுக்கு உரியது. அதன் பாடல்களைத் தி. சதாசிவ ஐயர் 1940இல் 'மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு' என்னும் பெயரில் அச்சேற்றினார்.

மூன்றாவது வெளி சந்தி. கொம்பு முறித்தல் அல்லது கொம்பு விளையாட்டு என்னும் நிகழ்ச்சியில் ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிந்து, ஒரு பக்கம் கோவலனுக்கும் மற்றது கண்ணகைக்குமாக நின்று, வளைந்த இரு மரக் கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி வடம் பூட்டி, ஒன்று முறியும்வரை இழுக்கும். வென்றவர் ஆடிப்பாடித் தோற்றவரை வசைபாடுவதும் நிகழ்ச்சியின் பகுதியே. மழை பொய்த்தபோதும் நோய் பரவியபோதும் இது நடத்தப்பட்டது. ஒருவர் எந்தச் சேரியினர் என்பது குடும்ப வழியாகவே வந்ததால், வெறும் பார்வையாளர் என்று எவரும் எஞ்சவில்லை. தேற்றாத்தீவில் உள்ள கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயிலின் பெயர், ஓர் ஆற்றுகை தான் நிகழ்ந்த இடத்துக்கே பெயராகிவிட்டதைக் காட்டுகிறது.

இவற்றுள் கலைநுட்பம் மிகுந்தது கூத்துக் களரியே. களரி என்பது திறந்த வெளியில் மண்ணை வட்டமாக உயர்த்தி அமைக்கப்படும் ஆடுதளம். சுற்றிலும் மக்கள் அமர்ந்திருக்க, நடுவே மத்தளத்தோடு, கூத்தைப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியாரும், தாளக்காரரும் பிற்பாட்டுக்காரரும் நிற்பர். ஆடுவோர் அவர்களைச் சுற்றி ஆடுவதால், எத்திசையில் இருப்பவருக்கும் கூத்தர் ஒருமுறை முகமும் ஒருமுறை முதுகுமாகத் தோன்றுவர். விடியும்வரை நீளும் இவ்வாட்டத்தில் போரும் வீரமும் மேலோங்கும் வடமோடி, நுட்பமான ஆடலும் இசையும் மேலோங்கும் தென்மோடி என இரு வகைகள் உண்டு. பாத்திரத்தை ஒருவருக்கு ஒதுக்கிப் பாட்டைக் கையளிக்கும் 'சட்டம் கொடுத்தல்' தொடங்கி, சதங்கை அணிதல், கிழமைக் கூத்து, ஒத்திகையின் இறுதிக் கட்டமான 'அடுக்குப் பார்த்தல்' எனப் பல மாதங்கள் கடந்தே அரங்கேற்றம் வரும். அதன் பின்னும் கூத்தர் வீட்டுக்கு வீடு சென்று ஆடுவர். ஒரே ஆற்றுகை களரியிலும் முற்றத்திலும் என இரண்டு வகை அரங்குகளைக் கண்டது.

கண்ணகையைத் தெய்வமாகக் கொண்ட இக்கரையோரம், சிலப்பதிகாரம் விரிவாக வருணிக்கும் அரங்கை மட்டும் தன் கூத்துக்குக் கொள்ளாதது ஆழ்ந்து நோக்கத்தக்கது. மாதவி ஆடிய அரங்கு இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் அளக்கப்பட்டு, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் இரு வாயில்களும் மூவகை எழினிகளும் உடையது. அரசனும் அவையும் ஒரு திசையிலிருந்து காண்பதற்கான அமைப்பு அது. களரிக்கு அவ்வாறான முன்பக்கம் இல்லை. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் (1892-1947), நாடகவியலை ஆராய்ந்த 'மதங்கசூளாமணி'யை 1926இல் வெளியிட்டு, வடமொழி நாடக இலக்கணத்தையும் சேக்சுபியரையும் தமிழ் மரபோடு ஒருங்கே நோக்கினார். அத்தகைய ஆய்வுக் கண் அவர் பிறந்த கரையின் களரிமீது திரும்ப மேலும் பல ஆண்டுகள் சென்றன.

முஸ்லிம் ஊர்களின் பங்கைச் சேர்க்காமல் இவ்வரலாறு முழுமையடையாது. நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகக் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் பன்னிரண்டு நாள் நடைபெறும் கொடியேற்ற விழா, கடற்கரை மணலையே பெருவெளி அரங்காக்குகிறது. களிகம்பு எனவும் வழங்கும் பொல்லடியில் ஆடுவோர் இரு கைகளிலும் பொல்லேந்தி வட்டமாகச் சுழல்வர். அவர்களைப் பழக்கும் ஆசிரியருக்கும் அண்ணாவியார் என்றே பெயர். வசந்தனின் கோலும் பொல்லடியின் பொல்லும் ஒரே வட்டத்தின் வடிவங்களாகத் தோன்றுவதும், கற்பிப்பவரின் பெயர் இரு சமூகங்களுக்கும் பொதுவாயிருப்பதும், பின்னாளைய பிளவுகளுக்கு முற்பட்ட நெருக்கத்தின் உறுதியான தடயங்கள் ஆகும்.

மண்டபத்தை நோக்கிய திருப்பம் 1950களில் தொடங்கியது. கொழும்பில் நாடக அரங்கையும் ஓவியக் காட்சிக்கூடத்தையும் ஒரே கட்டடத்தில் கொண்ட லயனல் வென்ட் அரங்கு 1953இல் திறக்கப்பட்டது. 'நாடகம்' என்னும் சிங்கள ஆற்றுகை மரபிலிருந்து நாடகாசிரியர் சரத்சந்திர உருவாக்கிய 'மனமே' 1956இல் அங்கே மேடையேறியது. அம்மரபு தமிழ்க் கூத்தோடு உறவுடையது என்பது தமிழறிஞரிடையே புதிய தன்னம்பிக்கையை எழுப்பியது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் மாணவர்களைக் கொண்டு 'கர்ணன் போர்' என்னும் வடமோடிக் கூத்தைத் தயாரித்தபோது, விடிய விடிய ஆடப்பட்டது சில மணி நேரத்துக்குள் சுருங்கியது, வட்டம் ஒருமுகப் படச்சட்ட மேடையானது, நடுவே நின்ற அண்ணாவியார் ஓரத்துக்கு நகர்ந்தார். கூத்து நாடறிந்த கலையானது இதனாலேயே. அதில் மாணவராக ஆடிய சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களின் முதன்மை ஆய்வாளரானார். ஆயினும் சட்டம் கொடுத்தலும் கிழமைக் கூத்தும் வழியாக ஊர் மாதக்கணக்கில் கொண்டிருந்த பங்கு நுழைவுச்சீட்டு வாங்கும் ஒருமாலைப் பங்காகக் குறைந்ததை ஈடுசெய்யக் கூடிய எதையும் மண்டபம் தரவில்லை என்பது இங்கு அழுத்திச் சொல்லப்பட வேண்டும்.

கல்லடியில் 1982இல் தொடங்கப்பட்ட விபுலானந்த இசை நடனக் கல்லூரி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாக வளர்ந்து, கற்பித்தலையும் மேடையேற்றத்தையும் ஒரே வளாகத்தில் சேர்த்தது. போர்க்காலத்தில் இரவுக் கூத்து ஊர்களில் அரிதாகியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுதியான உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டம். ஆடுவோரையும் பார்ப்போரையும் ஒருங்கே இழந்த கரையோர ஊர்களில் பழைய சடங்குகள் மீண்டும் தொடங்கியமை, அவற்றுக்கு ஊர் அளித்துவந்த முதன்மையைப் புலப்படுத்துகிறது.

இன்று இலங்கையின் தமிழ்ப் பகுதிகளில் 'ஆற்றுகைக் கலை மையம்' என்னும் சொல்லுக்கு முழுமையாகப் பொருந்துவது யாழ்ப்பாணக் கலாசார மையம். இந்திய நன்கொடையில், பொதுநூலகத்துக்கு அருகே புல்லுக்குளத்தை ஒட்டி 2015 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டு எழுந்து, 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்ட இம்மையத்தில் 600 பேர் அமரும் அரங்கம், அருங்காட்சியகம், பலமாடிக் கற்றற் கோபுரம் ஆகியவற்றோடு, திறந்தவெளி அரங்காகவும் பயன்படத்தக்க பொதுச் சதுக்கமும் உண்டு. 2025 ஜனவரியில் திருவள்ளுவர் பெயர் இடப்பட்டபோது 'யாழ்ப்பாணம்' என்னும் சொல் விடுபட்டதாக எழுந்த எதிர்ப்பும், பின்னர் அச்சொல் சேர்க்கப்பட்டதும், கலை மையம் ஒன்றன் பெயரைக்கூட மக்கள் தம் உரிமையாகக் கருதுவதை வெளிப்படுத்தின.

கட்டடமின்றியே அவ்வுரிமையை மீட்கும் முயற்சி ஒன்று மட்டக்களப்பில் நடந்தது. 2000களின் தொடக்கத்தில் சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் சீலாமுனை ஊரவரோடு இணைந்து முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கத்தில், பழைய கூத்துகளின் சாதி, பால் சார்ந்த கருத்துகள் களரியிலேயே விவாதிக்கப்பட்டு, பாடல்கள் ஊரவர் ஒப்புதலோடு மாற்றப்பட்டன. அங்கே அண்ணாவியார் மீண்டும் வட்டத்தின் நடுவே நின்றார்.