டின்டர்ன் தேவாலயம்: காக்கப்பட்ட சிதைவு

வேல்ஸ் நாட்டின் தென்கிழக்கு எல்லையில், வை ஆற்றங்கரையில், கூரையிழந்து நிற்பது டின்டர்ன் மடத்துத் தேவாலயம். 1131-இல் வால்டர் டி கிளேர் என்னும் பிரபு சிஸ்டர்சியத் துறவியர்க்காக நிறுவிய இம்மடமே வேல்ஸில் அவர்களுக்கு வாய்த்த முதல் மடமாகும். இன்று காணப்பெறும் பெருந்தேவாலயம் 1269-இல் தொடங்கப்பெற்றது. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, 1536 செப்டம்பர் 3-ஆம் நாள் இதுவும் மன்னர் வசமாயிற்று. கூரையின் ஈயத்தகடுகள் பெயர்த்தெடுக்கப்பட்டன. எஞ்சியதை மழை பார்த்துக்கொண்டது.

வழிபாடு நின்று இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரே இச்சிதைவு பெருமை பெறத் தொடங்கியது. 18-ஆம் நூற்றாண்டில் நிலவுடைமையாளர் இடிபாடுகளை அகற்றித் தளத்தில் புல் வளர்த்தார். 1782-இல் வை ஆற்றுப் பயணநூலை வெளியிட்ட வில்லியம் கில்பின், முக்கோண முகப்புச் சுவர்கள் மிகவும் ஒழுங்காக நிற்பது கண்ணை உறுத்துவதாகக் கருதினார்; கொட்டாப்புளியால் அவற்றைச் சற்றே உடைத்துவிட்டால் அழகு கூடும் என்பது அவர் துணிபு. சுவர்களை மூடிய ஐவிக் கொடியோ அவருக்கு உவப்பாயிற்று. (1798-இல் வேர்ட்ஸ்வொர்த் இயற்றிய புகழ்பெற்ற கவிதை டின்டர்னின் பெயரைத் தலைப்பில் தாங்கினும், பாடலடிகளில் இம்மடம் இடம்பெறவில்லை.)

1901-இல் பிரித்தானிய அரசு 15,000 பவுனுக்கு இதனை வாங்கியபின் நோக்கு மாறியது. ஐவியின் வேர்கள் சுண்ணாம்புச் சாந்தைப் பிளப்பதை உணர்ந்த பொறியாளர் கொடியை அகற்றினர். தளர்ந்த பகுதிகளை எஃகு உத்திரங்களால் தாங்கினர். கூரையை மீண்டும் அமைக்கவில்லை. வழிபாடு தொடர்ந்த லாண்டாஃப் பேராலயம் 1941-இல் குண்டுவீச்சுக்கு இலக்காகியும் புதுப்பிக்கப்பெற்றது. வழிபடுவோர் இல்லாத டின்டர்ன் சிதைந்த நிலையிலேயே நிறுத்தப்பட்டது. பழுது தடுக்கப்பட வேண்டும், ஆனால் பழுதின் தோற்றம் மாறக்கூடாது என்னும் இந்நெறி எளிதன்று. கொடியை அகற்றியது முறையே. எனினும் எந்தத் தோற்றம் இவ்விடத்திற்குப் புகழ் தந்ததோ அதனையே பாதுகாப்பு நீக்கிவிட்டது என்பதை மறுக்கவியலாது.

1984 முதல் இம்மடம் கேடு என்னும் அமைப்பின் பொறுப்பில் உள்ளது; 'காத்தல்' என்பது அவ்வேல்ஷ் சொல்லின் பொருள். 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்த வேல்ஸ் வரலாற்றுச் சூழல் சட்டம் இத்தகைய சின்னங்களில் அனுமதியின்றி எப்பணியும் செய்வதைத் தடுக்கிறது. மழையும் பனியும் மணற்கல்லை அரிப்பதற்கு அனுமதி வேண்டுவதில்லை. ஆதலின் பழுதுபார்ப்பு ஓய்வதில்லை. கில்பின் கண்ட டின்டர்னைக் காண விழைவோர் 1790-களில் டர்னர் தீட்டிய நீர்வண்ண ஓவியங்களையே நாட வேண்டியுள்ளது.