ஒரு பட்டாசுப் பெட்டியும் மூன்று பட்டியல்களும்

சிவகாசி வட்டாரத்தின் வானம் பார்த்த பூமியில் அமைந்த ஊர்களுள் எம். புதுப்பட்டியும் ஒன்று. பொழுது புலரும் வேளையில் இப்பகுதிச் சாலைகளில் செல்வோர், தூக்குச்சட்டியும் கையுமாய் ஆலை வண்டிக்குக் காத்து நிற்கும் பெண்களைக் காணலாம். ஊரைவிட்டு ஒதுங்கிய பொட்டல்வெளியில், ஒன்றுக்கொன்று இடைவெளிவிட்டு நிற்கின்றன சின்னஞ்சிறு அறைகள். மருந்து செலுத்தும் அறையில் நால்வருக்கு மேல் இருத்தலாகாது என்பது விதி. ஓர் அறை வெடித்தாலும் அடுத்த அறை தப்பவேண்டும் என்பதே அந்த இடைவெளியின் நோக்கம்.

அச்சிற்றறைக்கு அனுமதி தருபவர் யார்? அதைச் சோதிப்பவர் யார்? அங்கே விபத்து நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார்? எளிய வினாக்களே. ஆயினும், விடை தேடிப் புறப்பட்டால் நம் நாட்டு அரசமைப்புச் சட்டம் என்னும் பெருங்கட்டடத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறோம். அந்தச் சுற்றை நாம் இங்கே மேற்கொள்வோம்.

மூன்று பட்டியல்கள்

1946 டிசம்பர் 9 அன்று அரசமைப்பு அவை முதன்முறையாகக் கூடியது. அதன் உறுப்பினர்களுள் ஒருவர், விருதுநகர் மண்ணில் 1903-இல் பிறந்த காமராசர். சென்னை இலயோலா கல்லூரியின் முதல்வராய் இருந்த சேசு சபைக் குரு ஜெரோம் டி சூசாவும் அவ்வவையில் அமர்ந்திருந்தார் என்பது நம் வாசகர்கள் நினைவில் கொள்ளத்தக்கது. 1948 நவம்பர் 4 அன்று வரைவுச் சட்டத்தை அவைமுன் வைத்த அம்பேத்கர், இந்த நாடு ஏன் ‘மாநிலங்களின் ஒன்றியம்’ எனப் பெயர் பெறுகிறது என்பதை விளக்கினார். அமெரிக்காவில் தனித்தனி அரசுகள் முன்னரே இருந்து, உடன்படிக்கை செய்து ஒன்றாயின. இங்கோ கூட்டாட்சி அத்தகைய உடன்படிக்கையால் பிறக்கவில்லை; எனவே எந்த மாநிலமும் பிரிந்து செல்லும் உரிமை உடையதன்று. ஆட்சி வசதிக்காக நாடு பல மாநிலங்களாய்ப் பிரிக்கப்படினும், அது ஒன்றே என்பது அவர் கருத்து.

அதிகாரம் எவ்வாறு பங்கிடப்பட்டது? 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் வகுத்த வழியைப் பின்பற்றி, அரசமைப்பின் ஏழாம் அட்டவணை மூன்று பட்டியல்களைத் தந்தது. மத்தியப் பட்டியலில் உள்ளவற்றுக்கு நாடாளுமன்றம் சட்டம் இயற்றும். மாநிலப் பட்டியலில் உள்ளவற்றுக்குப் பொதுவாக மாநிலச் சட்டமன்றம் இயற்றும். பொதுப் பட்டியலில் உள்ளவற்றில் இருவரும் இயற்றலாம். முரண் நேரின் பொதுவாக மத்தியச் சட்டமே நிற்கும். எப்பட்டியலிலும் அடங்காத எஞ்சிய அதிகாரமும் மத்திய அரசுக்கே உரியது.

இப்போது நம் பட்டாசுப் பெட்டியைத் திறந்து பார்ப்போம். வெடிபொருள் மத்தியப் பட்டியலின் ஐந்தாம் இனம். தொழிலாளர் நலனும் தொழிற்சாலைகளும் பொதுப் பட்டியலில் உள்ளன. காவலும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலில் உள்ளன. ஆகவே பெட்டிக்குள் இருக்கும் மருந்து மத்தியப் பட்டியலைச் சேர்ந்தது. அதைத் திணிக்கும் கை பொதுப் பட்டியலைச் சேர்ந்தது. அந்தக் கை வெந்துபோனால், மருந்திடும் அரசு மருத்துவமனையும் வழக்குப் பதியும் காவல் நிலையமும் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை!

பட்டியல்கள் கல்லில் பொறித்தவையும் அல்ல. காமராசர் முதலமைச்சராய் இருந்து (1954–1963) சிற்றூர்தோறும் பள்ளிகளைத் திறந்து, மதிய உணவும் தந்த காலத்தில் கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976-இல் நிறைவேறிய 42-ஆவது திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றிவிட்டது.

மூன்று துறைகள்

பட்டியல்கள் அதிகாரத்தை மேலும் கீழுமாய்ப் பங்கிடுகின்றன. இன்னொரு பங்கீடும் உண்டு. சட்டம் இயற்றுவோர், அதைச் செயற்படுத்துவோர், அதன்படி தீர்ப்பளிப்போர் எனும் மூவரும் ஒருவராய் இருப்பின் குடிமகனுக்குப் பாதுகாப்பில்லை என்று 1748-இலேயே பிரெஞ்சு அறிஞர் மொந்தெஸ்கியூ எழுதினார். நம் நாட்டில் அமைச்சரவை சட்டமன்றத்திலிருந்தே தோன்றி, அதற்கே பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளது. நீதித்துறையோ தனித்து நிற்கிறது. அமெரிக்காவில் மத்திய நீதிமன்றங்களும் மாநில நீதிமன்றங்களும் தனித்தனி வரிசைகள். இங்கே கீழமை நீதிமன்றம் முதல் உச்ச நீதிமன்றம் வரை ஒரே ஏணி.

சிவகாசியில் இம்மூன்று துறைகளையும் கண்கூடாகக் காணலாம். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தபின் இவ்வட்டாரம் தொழில் நிலமாயிற்று. பட்டாசு அதன் பின் வந்தது. அதற்கான சட்டமோ ஆங்கிலேயர் 1884-இல் இயற்றிய வெடிபொருள் சட்டம். அதன்கீழ் அமைந்த 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு வேளையில் 15 கிலோவுக்கு மேற்படாத மருந்தைக் கையாளும் சிற்றாலைக்கு மாவட்ட நிர்வாகமே உரிமம் தரும். அதற்கு மேற்பட்டவை, நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையிடம் உரிமம் பெறவேண்டும். தொழிலாளர் பாதுகாப்பை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் முக்கால் நூற்றாண்டு காத்தது. நாடாளுமன்றம் 2020-இல் இயற்றிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் அதன் இடத்தைப் பெற்றது. சட்டம் தில்லியில் பிறப்பினும், ஆலைக்கு வந்து சோதிப்பவர் மாநில அரசின் ஆய்வாளரே.

நீதிமன்றம் பேசியபோது

பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஆலையிலோ சுரங்கத்திலோ ஆபத்தான வேறு பணியிலோ அமர்த்தலாகாது என்கிறது அரசமைப்பின் 24-ஆம் பிரிவு. அது 1950 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருந்தது. அவ்வாறிருந்தும், பல்லாண்டுக் காலம் சிவகாசிச் சிறுவர்களின் விரல்கள் தீக்குச்சி அடுக்கின. பட்டாசுத் தாள் சுற்றின. வழக்கறிஞர் எம். சி. மேத்தா 1986-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு இந்த அவலத்தை நாட்டின் முன் நிறுத்தியது. 1996 டிசம்பர் 10 அன்று வந்தது தீர்ப்பு. சட்டத்தை மீறிப் பணிக்கு அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும். அக்குடும்பத்தின் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித்தர வேண்டும், இயலாவிடில் 5,000 ரூபாயை நிதியில் சேர்க்க வேண்டும். குழந்தை பள்ளிக்குச் செல்ல வேண்டும். வறுமையே குழந்தையை ஆலைக்கு அனுப்புகிறது என்பதை நீதிமன்றம் உணர்ந்திருந்தது. ஆனால், காகிதத்தில் எழுதிய ஒரு பிரிவு கண்விழிக்க 46 ஆண்டுகள் ஆயின என்பதை நாம் மறத்தல் கூடாது.

2015-இல் வேறொரு வழக்கு எழுந்தது. தில்லியின் மாசடைந்த காற்றிலிருந்து காக்கவேண்டி, மூன்று பச்சிளங்குழந்தைகளின் பெயரால் தொடுக்கப்பட்ட வழக்கு அது. ஒருபுறம் மூச்சுவிடும் உரிமை. மறுபுறம் தொழில் செய்யும் உரிமை, நம் வட்டாரத்தின் அன்றாட உலை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசை முற்றிலும் தடை செய்யாமல், பேரியம் உப்பையும் சரவெடியையும் விலக்கி, தீபாவளியன்று இரவு எட்டு முதல் பத்து மணி வரை மட்டும் வெடிக்க இசைந்தது. தமிழகத்தில் தீபாவளி விடியற்காலைப் பண்டிகை ஆயிற்றே! தமிழக அரசு இதை எடுத்துரைக்கவே, ஒரே வாரத்தில், இரண்டு மணி நேரத்துக்கு மேற்படாமல் மாநிலமே வேளையைக் குறிக்கலாம் என நீதிமன்றம் திருத்தியது. காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு எனத் தமிழக அரசு குறித்தது. ஊரின் வழக்கம் ஊருக்குத்தான் தெரியும். கூட்டாட்சி எதற்கு என்று கேட்போருக்கு இந்த ஒரு நிகழ்ச்சியே போதிய விடை.

கைகழுவும் கலை

எனினும் நாணயத்தின் மறுபக்கம் துயரமானது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நாற்பதுக்கு நெருங்கிய உயிர்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவை. 2023 அக்டோபர் 17 அன்று எம். புதுப்பட்டிக்கு அருகிலுள்ள ரெங்கபாளையத்தில் பத்துக்கும் மேற்பட்டவை, அவருள் பெரும்பாலோர் பெண்கள். ஒவ்வொரு முறையும் இழப்பீடு அறிவிக்கப்படுகிறது; வழக்குப் பதிவாகிறது. உள்குத்தகையும் அளவுக்கு மிஞ்சிய ஆட்களும் மரத்தடியில் மருந்து கலப்பதும் மீண்டும் பேசப்படுகின்றன. உரிமம் ஓரிடம், ஆய்வு வேறிடம், காவல் மற்றோரிடம் என்றிருக்கையில், ‘அது எம் துறையன்று’ என்னும் சொல் எவ்வளவு எளிதாய் நாவில் வருகிறது!

லூக்கா நற்செய்தியில் இதற்கொரு பழைய காட்சி உண்டு. தம்முன் நிற்பவர் கலிலேயர் என்று கேட்டதும் பிலாத்து அவரை ஏரோதிடம் அனுப்பிவிடுகிறார்; ஏனெனில் கலிலேயா ஏரோதின் ஆட்சிக்கு உட்பட்டது. ஏரோது அவரைத் திருப்பி அனுப்புகிறார். அதிகார எல்லை சரியாகவே கடைப்பிடிக்கப்பட்டது. குற்றமற்றவருக்கு நீதி கிடைக்கவில்லை. அன்றுமுதல் அவ்விருவரும் நண்பராயினர் என்று நற்செய்தியாளர் குறித்திருப்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

அதிகாரம் பங்கிடப்பட்டது, ஒருவர் தவறினால் மற்றவர் தட்டிக்கேட்கும்பொருட்டு. சிறிய சமூகம் தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறிக்கலாகாது. சிறியதால் இயலாதபோது பெரியது துணைநிற்க வேண்டும் என்று 1931-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் தம் சுற்றுமடலில் கற்பித்ததும் இவ்வுண்மையை ஒட்டியதே. ஆலையின் அறைகளுக்கிடையே உள்ள இடைவெளி உயிரைக் காக்க வைத்தது. துறைகளுக்கிடையே உள்ள இடைவெளியும் அதற்காகவே வைத்தது. பொறுப்பு நழுவி விழுவதற்காக அன்று.

நம் பங்கு

இந்தக் கட்டடத்தின் அடித்தளம் ஊரில்தான் இருக்கிறது. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம் ஊராட்சிக்கு அரசமைப்பில் இடம் தந்தது. கிராம சபைக்கும் இடம் தந்தது. தமிழகத்தில் கிராம சபை கூடும் நாள்களுள் மே முதல் நாளும் ஒன்று, தொழிலாளர் திருநாள். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் அங்கே எழுந்து பேசலாம். வெடிபொருள் உரிமம் ஊராட்சியின் கையில் இல்லை. ஆனால், எந்த ஆலையில் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள், எங்கே உள்குத்தகை நடக்கிறது, எந்தச் சிறுமி பள்ளியை விட்டு நின்றாள் என்பவை நாகபுரிக்கும் சென்னைக்கும் தெரியுமுன் ஊருக்குத் தெரியும். தெரிந்தவர் ஒன்றுகூடித் தீர்மானமாய் எழுதி அனுப்பினால், எந்தத் துறையும் அறியோம் என்று சொல்ல இயலாது.

நாளை விடியலிலும் ஆலை வண்டி வரும். தூக்குச்சட்டியோடு ஏறும் அந்தத் தாய்க்கு ஏழாம் அட்டவணை தெரிந்திருக்க வேண்டியதில்லை. மாலையில் அவர் வீடு திரும்ப வேண்டும். மூன்று பட்டியல்களும் மூன்று துறைகளும் அதற்காகவே எழுதப்பட்டன. அதைக் கேட்டுப் பெறும் கடமை, எழுதப் படிக்கத் தெரிந்த நமக்கு உண்டு.