கிளமத் ஆறு: அணைகள் அகன்ற வரலாறு

நீரைத் தேக்கியவர்களின் வரலாற்றையே நான் வகுப்பில் படிப்பித்து வருகிறேன். தேங்கிய நீரைத் திறந்துவிட்டவர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் ஒரிகன், கலிபோர்னியா மாநிலங்களூடாகப் பாயும் கிளமத் ஆற்றின் கதை அத்தகையது.

1918இல் கொப்கோ முதலாம் அணை இயங்கத் தொடங்கியது. 1960களில் அங்கு மின்னுற்பத்திக்கென நான்கு அணைகள் நின்றன. கடலிலிருந்து முட்டையிட வரும் சல்மன் மீன்களின் வழி அடைபட்டது. யூரொக், கரூக், கிளமத் முதலிய பூர்வீகக் குடிகளுக்கு அம்மீன் உணவு மட்டுமன்று. அவர்தம் சடங்கும் வாழ்வும் அதனோடு பிணைந்தவை. சாஸ்ற்றா மக்களின் பரம்பரை நிலங்களோ நீரில் மூழ்கின.

2001 வரட்சியில், அருகிவரும் மீனினங்களைக் காக்கவென மேற்பகுதி விவசாயிகளின் பாசன நீர் நிறுத்தப்பட்டது. அவர்கள் வீதிக்கு இறங்கினர். மறு ஆண்டு வயலுக்கு நீர் கிடைத்தது. செப்டெம்பரில் ஆற்றின் கீழ்ப்பகுதியில் 30,000இற்கும் மேற்பட்ட சல்மன்கள் நோயுற்றுச் செத்து மிதந்தன. ஆற்றுநீர் குறைந்து சூடேறியமை நோய் பரவ ஏதுவாயிற்று.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நான்கு அணைகளும் வயலுக்கு நீர் தருபவையல்ல, மின்சாரமே தந்தன. அனுமதிப் பத்திரத்தைப் புதுப்பிப்பதாயின் மீன் ஏறுவதற்குப் படிவழிகள் அமைக்க வேண்டும். அச்செலவை விட அகற்றுவதே இலாபம் என்று கம்பனி கணக்கிட்டது.

எதிர்த்தோரையும் மறத்தல் தகாது. 2010இல் சிஸ்கியூ கவுண்டியில் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 79 வீதத்தினர் அகற்றலை நிராகரித்தனர். ஏரிக்கரையில் வீடு வைத்திருந்தோர், வாசலில் சேறே மிஞ்சும் என அஞ்சினர். காட்டுத்தீயை அணைக்க நீர் எங்கே என்றும் வினவினர். அது வெறும் பிடிவாதமல்ல. 2024இல் தேக்கங்கள் திறக்கப்பட்டபோது ஆறு சேறாகவே ஓடியது. ஆற்றில் விடப்பட்ட இலட்சக்கணக்கான மீன்குஞ்சுகள் அணையின் சுரங்கவழியில் மாண்டன.

அவ்வாண்டு ஒக்டோபரில் பணி நிறைவுற்றது. அதே மாதத்தில் சல்மன்கள் பழைய அணையிடங்களைக் கடந்து ஒரிகன் வரை ஏறின. அணைப் பகுதியிலுள்ள 2,800 ஏக்கர் சாஸ்ற்றா மக்களிடமே மீளும் என்று கலிபோர்னியா அரசு அறிவித்தது.

ஏரிக்கரையாரின் நினைவு சில தலைமுறைகளுக்கு உரியது. அவர்கள் தம் இழப்புக்குப் பதில் கேட்பது நியாயமே. ஆயினும் வரலாற்றை 1918இலிருந்து தொடங்கினால், மீனோடு வாழ்ந்தோர் அதில் இடம்பெறவே மாட்டார்கள். கதையை எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறோம் என்பதிலேயே, ஆறு எவருடையது என்ற தீர்ப்பும் அடங்கிவிடுகிறது.